ஏழாம் பாகத்தின் அகலம்

டிராம் கம்பியில் பனி உறைந்துவிட்டது.
ரீகாவில் பாதி ஊர் வேலைக்குப் போகாத சனிக்கிழமை.
பட்டறையிலிருந்து எடுத்துவந்த வெர்னியருடன்
ஒன்பது பாகங்களையும் அளக்க உட்கார்ந்தேன்.
இருந்தவை எட்டு.

வாரநாட்களில் நான் அளப்பது வாய்கள்.
யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை,
மெழுகில் பதிந்த கடி,
விழுந்த பல் விட்டுப்போன இடம்.
இடத்தைப் பார்த்தே பல்லைச் செய்துவிடுவேன்.
பல்லை நான் பார்த்ததே இல்லை.

கடற்பயணக் கதைகள்.
மட்டமான தாள், அதைவிட மட்டமான தையல்.
முதல் பாகத்துக்கு முதுகு கிடையாது.
நான்காவதில் திமிங்கிலம் சாகிற பக்கத்தில்
எவரோ பீட்ரூட் சூப் சிந்தியிருக்கிறார்கள்.
எவரோ என்ன, நான்தான்.
விற்கப் போனால் ஒரு பன்னுக்குத் தேறாது.

ஆளுக்கொரு சட்டை தைத்தேன்
டைனிஸின் பச்சை மழைக்கோட்டிலிருந்து.
இரண்டு கைகளில் நான்கு பாகம்,
முதுகில் மூன்று.
எட்டாவதற்கு வந்தது பாக்கெட் உள்ள துண்டு;
பொத்தானோடு அப்படியே விட்டேன்.
அவன் இன்னும் கோட்டைத் தேடுகிறான்.

பிறகு பெட்டி.
இரண்டு மில்லிமீட்டர் அட்டை,
உள்ளே குளியலறைச் சுவர்த்தாளின் மிச்சம்,
பெருவிரல் நுழைய ஓர் அரைவட்டம்.
கட்டி தட்டாமல் காய்ச்சிய மைதாப் பசையில்
பூஞ்சைக்குப் பயந்து கிராம்பு எண்ணெய் நான்கு சொட்டு.
இப்போது அலமாரி முழுக்கப்
பல்வலி வாசம்.

ஏழாம் பாகம் ஸ்கைத்ரீத்தேயிடம்.
பதினோரு குளிர்காலம்.
அவள் அம்மாவுக்கு நான் கட்டிய பல்செட்டில்
'ஸ்' வந்தால் விசிலடித்தது.
மகளின் பெயரோ அதில்தான் ஆரம்பம்.
கிழவி வாசலில் நின்று மகளைக் கூப்பிட
தெருநாய்கள் மூன்று வந்தன.
நான் சிரித்தேன்.
சரிசெய்து தருகிறேன் என்று
முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

போகட்டும்.
எட்டாவதன் கடைசித் தாளில் பட்டியல் இருந்தது:
ஏழு, 312 பக்கம்.
வகுத்தேன், துணியைக் கூட்டினேன்.
இருபத்திரண்டு புள்ளி நான்கு.
அந்த அளவில் ஜிப்சம் கலந்து வார்த்து
உலர்ந்ததும் மழைக்கோட்டின் காலரைப் போர்த்தி
முதுகில் 7 என்று எழுதினேன்.
பக்கத்து வீட்டு எல்மார்ஸ்
படிக்கத் தா என்று அதைத்தான் உருவினான்.

மார்ச்சில் ஒரு பொட்டலம்.
கடிதமில்லை. என் பெயர் மட்டும்,
அவளுடைய சாய்ந்த கையெழுத்தில்.
உள்ளே ஏழாம் பாகம்.
சாம்பல் கம்பளியில் அவளே தைத்த உறை,
ஓரமெல்லாம் சிவப்பு நூல்,
மூலைகளுக்கு இரட்டைத் தையல்.
என் கோட்டுச் சட்டைகள்
அதன் பக்கத்தில் அனாதை விடுதிச் சீருடை.

அளந்தேன்.
முப்பத்தொன்று.

எங்கள் தொழிலில்
பல்லைத்தான் அராவுவோம், தாடையை அல்ல.
கத்தரிக்கோலை எடுத்தேன்.
சிவப்பு நூலில் ஒரு கண்ணி கூட
அளவு பிசகாமல் இருந்தது.
கத்தரிக்கோலை வைத்துவிட்டேன்.

ஜிப்சத்தை வெளியே எடுத்தேன்.
போதவில்லை.
பக்கத்தில் இருந்த எட்டாவதையும் எடுத்தேன்.
இப்போது நுழைகிறது;
பத்து மில்லிமீட்டர் ஆட்டம் மிச்சம்.
ஆடட்டும்.

எட்டாவதை மேசையில் வைத்து
ஒரு துண்டுத்தாளில் எழுதினேன்:
படித்துவிட்டு அனுப்பு. அவசரமில்லை.
அம்மாவை ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டி வா,
பல்லோடு.

பாக்கெட்டில் வைத்துப்
பொத்தானைப் போட்டேன்.
வெளியே தூறல்.
உள்ளறையில் டைனிஸ்
அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறான்.